பஞ்சவர்ணம் காவல் காத்த செடி

பஞ்சவர்ணத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஆள் இல்லை. நேரில் பார்த்தால் "வைத்திலிங்கம் பொண்டாட்டி" என்பார்கள். அவள் தலை மறைந்ததும் "இளையதாரம்" என்பார்கள். மூத்தவள் ஜெகதாம்பாள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்து, விட்டுப்போன பெண் குழந்தைக்கு ஒரு கை வேண்டுமே என்று கட்டி வந்தவள்தானே இவள். ரஞ்சன்குடிப் பக்கத்துக் கல்லாங்காட்டில் வரிசையாகப் பெண்களைப் பெற்று நொந்துபோயிருந்த ஒரு மனுஷன், அரியலூருக்குக் கிழக்கே கரிசல் பூமியில் மாப்பிள்ளை என்றதும், இரண்டாம்தாரமானால் என்ன என்று தாலி வாங்கிக் கட்ட வைத்துவிட்டார். மாப்பிள்ளை வைத்திலிங்கம் வாய் பேசாத ஆள். நல்லவன்தான். ஆனால் நல்லவனாக இருந்து அவளுக்கு என்ன பிரயோஜனம், அவன் அக்காள் சுந்தராம்பாள் எதிரே நின்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆடு மேய்த்து வளர்ந்தவள் பஞ்சவர்ணம். தரையில் பச்சையாக எது முளைத்தாலும் அதன் பெயரும் குணமும் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, தெரியவும் செய்யும். அந்த நினைப்புதான் அவளைக் குப்புறத் தள்ளியது.

வேளைச் செடி என்று ஒன்று. கடுகுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். கடுகுபோலவே ஒல்லிக் காய், பொடிப்பொடியாய்க் கறுத்த விதை, கசக்கினால் மூக்கில் ஏறுகிற காரநெடி. விதைக்காமலே கொல்லை வரப்பில் வந்து நிற்கும். அதில் இரண்டு ஜாதி. வெள்ளைப் பூ பூப்பது நல்வேளை. கீரையாகக் கடைந்து தின்னலாம், தலைபாரத்துக்கு அரைத்து உச்சியில் வைக்கலாம், காதுவலிக்குச் சாறு பிழிந்து விடலாம். மஞ்சள் பூ பூப்பது நாய்வேளை. அதன் விதைக்கு நாய்க்கடுகு என்று பெயர். மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டால் அந்த இலையைப் பிழிந்து விடுவார்கள், புழு துடித்துக்கொண்டு வெளியே விழும். மனுஷத் தோலில் வைத்துக் கட்டினால் கொப்புளம் போட்டுவிடும் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் அதைத் தொடவே யோசிப்பார்கள்.

பூ வந்துவிட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும் எது எது என்று. பூ வராத இளஞ்செடியில்தான் வம்பு. வளர்ந்த வெள்ளையில் ஒரு காம்பில் ஐந்து இலை விரியும், மஞ்சளில் பெரும்பாலும் மூன்று. இளசிலோ இரண்டிலும் மூன்றுதான். அதனால் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். பிசுபிசுவென்று கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மஞ்சள். ஒட்டாவிட்டால் வெள்ளை. பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். மழை பொய்த்துவிட்டது. ரேஷன் கடையில் அரிசி என்று ஒன்றைக் கண்ணில் காட்டவில்லை, புழுத்த சோளம்தான் போட்டார்கள், அதுவும் வரிசையில் நின்று சண்டை பிடித்தால். வைத்திலிங்கம் காய்ந்த நிலத்தை அப்படியே போட்டுவிட்டுக் கல்லக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்விட்டான், வாரத்துக்கு ஒருதரம் வந்து முகம் காட்டுவான். ஊர்ப் பெண்கள் விடிந்தால் மடியைக் கட்டிக்கொண்டு கீரை தேடி வரப்பெல்லாம் குனிந்து நடந்தார்கள். இரண்டு இலை விட்டதும் கிள்ளி மடியில் போட்டுவிடுவார்கள். எந்தச் செடியையும் பூக்கவிட அந்த வருஷம் யாருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை.

அந்த ஐப்பசியில்தான் உண்ணாமலைக்கு மணல்வாரி அம்மை போட்டது. ஜெகதாம்பாள் பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளை, எட்டு வயசு. பஞ்சவர்ணம் வந்த புதிதில் கதவிடுக்கில் நின்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த வருஷம்தான் மெல்ல "சின்னம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகப் பஞ்சவர்ணம் எதையும் செய்வாள். வேப்பிலை பரப்பி, பக்கத்திலேயே படுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை அவள் பச்சைத் தண்ணீர் குடித்தே கிடந்தாள். அம்மை இறங்கியது. இறங்கின கையோடு காதில் சீழ் கட்டிக்கொண்டது.

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்திய கத்தலைக் கேட்டு நிற்க முடியவில்லை. விடியற்காலையில் பஞ்சவர்ணம் கொல்லைக்கு ஓடினாள். அன்றைக்கென்று பார்த்து, அந்த வருஷத்துக்கே அதிசயமாக, ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல் பொறுக்கிப் போட்ட குவியலின் ஓரமாக ஒரு வேளைச் செடி, எவள் கண்ணிலும் படாமல் தப்பி நின்றது. தண்டை உருட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. கொழுந்து எல்லாவற்றையும் கிள்ளிக்கொண்டு வந்து, வெதுப்பி, துணியில் பிழிந்து, நல்லெண்ணெயோடு கலந்து இரண்டு காதிலும் விட்டாள்.

பிள்ளை வீறிட்டது. கையை உதறி அவள் முகத்தில் அறைந்தது. "எரியுது சின்னம்மா, எரியுது" என்று தரையில் புரண்டது. வலிக்கிற காதில் எதை விட்டாலும் எரியத்தானே செய்யும் என்று பஞ்சவர்ணம் அதை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே திரும்பவும் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த பிள்ளை பேசவில்லை. கோபம் போலிருக்கிறது என்று இவளும் விட்டுவிட்டாள். ஒருநாள் பித்தளைக் குடம் கைநழுவி அதன் முதுகுக்குப் பின்னால் தடாலென்று விழுந்து உருண்டது. பிள்ளை திரும்பவே இல்லை. குடத்தை எடுக்கவும் தோன்றாமல் பஞ்சவர்ணம் அப்படியே நின்றாள்.

அதற்கு அப்புறம்தான் அவளுக்கு மழை ஞாபகம் வந்தது. ராத்திரியெல்லாம் மழை அடித்துக் கழுவிய தண்டு எப்படி ஒட்டும்? கரிசலில் மழையே பார்க்காத வருஷம் அது, நனைந்த தண்டு ஒட்டாது என்பது அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஐயோ என்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

வைத்திலிங்கம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். அங்கே டாக்டர் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மைக் காய்ச்சல்லயே போயிருக்கலாம். சீழ் அரிச்சும் போயிருக்கலாம். நீங்க ஊத்துன சாறாலயா இல்லையான்னு இப்பப் பார்த்து நான் எப்படிப்பா சொல்றது?" என்றார். அந்த மனுஷன் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய?

செய்தி சுந்தராம்பாளைக் கட்டிக்கொடுத்த உடையார்பாளையத்துக்குப் போய், அவள் அலறிக்கொண்டு வந்து இறங்கினாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது அவளை. ஜெகதாம்பாளைத் தம்பிக்குப் பார்த்துக் கட்டி வைத்தவளே அவள்தான், செத்த பிறகும் அவளை மறக்க முடியாமல் இருந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏ பஞ்சவர்ணம், என்ன வேளைடி புடுங்குன?"

"வெள்ளைதான் அண்ணி."

"பூவப் பாத்தியா?"

"பூ ஏது அண்ணி இந்த வருசத்துல? தண்ட உருட்டித்தான் பாத்தேன். ஒட்டல."

"மழ பேஞ்ச காலைல ஒட்டுமாடி? ஆடு மேச்சவளுக்கு அது தெரியாதா? தெரிஞ்சேதான் ஊத்திருக்க. மூத்தா புள்ளதானேன்னு ஊத்திருக்க!"

பஞ்சவர்ணம் "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். பிறகு, எங்கிருந்து வந்த தைரியமோ, "அந்தச் செடி இன்னும் நிக்குதுல்ல? பூக்கட்டும்க்கா. பாத்துருவோம்" என்றான்.

"சரிடா தம்பி. பூக்கட்டும். வெள்ளையா இருந்தா நான் இவ கால்ல வுழுந்து மன்னிப்புக் கேக்குறேன். மஞ்சளா இருந்தா எம் மருமவள நான் எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நீ குறுக்க வரக்கூடாது." அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் தீர்ப்பு. கார்த்திகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சுந்தராம்பாள் போனாள்.

அன்றிலிருந்து பஞ்சவர்ணம் ஒரு களைச் செடிக்குக் காவல்காரி ஆனாள். கொழுந்து இழந்து மொட்டையாக நின்ற அந்தச் செடியைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டாள். ஆடு வந்தால் கல்லெடுத்து அடித்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துப்போய் அதன் அடியில் ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பூமாலை கீரைக்கு வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒத்தச் செடிக்கு இம்மாம் முள்ளா? அதக் கிள்ளுனா எம் புள்ளைவளுக்கு ஒரு வேளைக்குக் கடையலாம்டி."

"கேட்டா என் உசுரக் கூட எடுத்துக்க பூமாலை. இத மட்டும் தொட்டுராத."

செடி உயிர் பிடித்துப் பக்கக் கிளை விட்டது. விட்டும் என்ன, அது அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு காம்பில் மூன்று இலை, அதற்கு மேல் காம்பில் ஐந்து, இன்னொன்றில் பூச்சி தின்றது போக எத்தனை என்றே தெரியாது. ஒட்டுகிறதா என்று தொட்டால் தண்டெல்லாம் வண்டிப்பாதைப் புழுதி. ஒருநாள் பார்த்தால் வெள்ளைபோல இருக்கும், அன்றைக்குக் கூழ் இறங்கும். மறுநாள் மஞ்சள் என்று மனசில் பட்டுவிடும், அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கக் கை எழாது. மாரியம்மனை வேண்டினாள். வெள்ளையாக இருந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்றாள். அப்படி வேண்டும்போதே, வெள்ளையாக இருந்தால் மட்டும் அந்தப் பிள்ளைக்குக் காது வந்துவிடுமா என்று நெஞ்சு கேட்கும். கேட்கத்தானே செய்யும்.

உண்ணாமலை அவள் கையால் சோறு வாங்குவதை விட்டுவிட்டது. தட்டில் போட்டு வைத்துவிட்டு நகர்ந்தால் தின்னும். தலை வார விடாது, சிக்குப் பிடித்த தலையோடு திரிந்தது. யார் பேசினாலும் அவர்கள் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். பஞ்சவர்ணம் செடிக்குப் போனால் அதுவும் பின்னாலேயே வந்து கல்குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எதற்காக இந்தச் சின்னம்மா ஒரு செடியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று அதற்கு எப்படிச் சொல்வது? பஞ்சவர்ணம் சொல்ல முயலவே இல்லை.

கார்த்திகை வந்தது. கிளை நுனிகளில் மொட்டுக் கட்டியிருந்தது, பச்சைத் தோல் மூடிய மிளகு அளவு மொட்டு. நாளைக்கோ மறுநாளோ விரிந்துவிடும். அன்றைக்குப் பார்த்து ரேஷன் கடையில் சோளம் போடுகிறார்கள் என்று தகவல். வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை. விடியும் முன்னே போய் நின்றாள். உச்சி வெயிலில் அரை மரக்கால் சோளத்தோடு திரும்பியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே கொல்லைக்குப் போனாள்.

முள் ஒதுக்கிக் கிடந்தது. செடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. வேரோடு பிடுங்கியிருந்தார்கள்.

"அடிப்பாவி பூமாலை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பூமாலை வீடுவரை போக வேண்டியிருக்கவில்லை, வழியில் தன் வீட்டு அடுப்படியிலேயே பார்த்துவிட்டாள். உண்ணாமலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மடியில் அந்தச் செடி. இலையை எல்லாம் உருவி முறத்தில் போட்டு முடித்திருந்தது. முழங்கையெல்லாம் முள் கிழித்த ரத்தக்கோடு.

பஞ்சவர்ணம் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ஒரு மாதமாக வளர்த்த செடி. அவள் குற்றவாளியா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே வாய். பிள்ளை தலையைத் தாழ்த்தவில்லை, அவள் முகத்தையே பார்த்தது. ஓங்கின கை தானாக இறங்கியது. குனிந்து முறத்தைக் கிளறினாள். பூ ஒன்றும் இல்லை. இலைக்கு அடியில் ஒரே ஒரு மொட்டு கிடந்தது. நகத்தால் கீறினாள்.

மஞ்சள்.

சந்தேகத்துக்கே இடமில்லாத மஞ்சள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலையில் பிள்ளை எரியுது எரியுது என்று புரண்டதும், தான் அமுக்கிப் பிடித்ததும் திரும்பக் கண்முன் வந்தன. மொட்டு உள்ளங்கைக்குள் கசங்கியது.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. வைத்திலிங்கமும் சுந்தராம்பாளும். கொல்லை வழியாகவே வந்திருக்கிறார்கள்.

"செடி எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே சுந்தராம்பாள் உள்ளே வந்தாள். "குழிதான் கெடக்கு. மஞ்சளாப் பூத்ததும் புடுங்கி ஒளிச்சிட்டியா?" முறத்தைப் பார்த்தாள். "ஓகோ, கறி சமைக்கப் போறியா? சொல்லு. என்ன பூ?"

பொய் சொன்னால் கேட்க ஆளில்லை. பூ இல்லை, செடி இல்லை. ஆனால் பஞ்சவர்ணத்துக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. செய்தது நான், பிள்ளை போகட்டும், அதுவாவது நல்ல கையில் வளரட்டும் என்று அந்த ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டாள். "அண்ணி" என்றாள். அடுத்து மஞ்சள் என்று சொல்ல அவள் உதடு இரண்டும் சேர்ந்து மூடின.

"வெள்ளை!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். உண்ணாமலை எழுந்து நின்றிருந்தது. ஒன்றரை மாதமாகப் பேசாத பிள்ளை. தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தியது. "வெள்ளப் பூ அத்தே! நாந்தான் பாத்தேன். நாந்தான் புடுங்குனேன். வெள்ளப் பூ! வெள்ளப் பூ!"

வைத்திலிங்கம் மகளின் குரலைக் கேட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். சுந்தராம்பாள் பிள்ளையையும் பஞ்சவர்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள், அதில் குறை சொல்ல முடியாது. "என்ன மன்னிச்சிருடி. வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன்" என்று நிஜமாகவே குனிந்தாள். பஞ்சவர்ணம் நெருப்பு பட்டதுபோலக் காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி, வேணாம், வேணாம்" என்று அழுதாள். அந்த அழுகையைப் பெருந்தன்மை என்று சுந்தராம்பாள் ஊரெல்லாம் சொன்னாள்.

அவர்கள் இருவரும் வெளியே போனதும் உண்ணாமலை பக்கத்தில் வந்து குந்தியது. பஞ்சவர்ணத்தின் மூடின கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தது. கசங்கின மஞ்சள் மொட்டை எடுத்தது. வாயில் போட்டு மென்றது. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் விழுங்கியது.

அப்போதுதான் பஞ்சவர்ணத்துக்கு விளங்கியது. பசியில் பிடுங்கவில்லை இந்தப் பிள்ளை. இத்தனை நாளும் எல்லார் வாயையும் பார்த்துப் பார்த்து மஞ்சள் என்றால் என்ன, வெள்ளை என்றால் என்ன என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது. விடிந்ததும் முதல் பூ விரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் முள்ளுக்குள் கை விட்டிருக்கிறது, அந்தப் பூவையும் இதே மாதிரி விழுங்கியிருக்கிறது.

"சின்னம்மா, பசிக்குது" என்று கத்தியது பிள்ளை.

சோளத்தை இடித்துக் கூழ் காய்ச்சினாள். தன் கையால் ஊட்டினாள், அது வாங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் தலை வாரவும் வந்து முன்னால் உட்கார்ந்தது. சிக்கெடுக்க வெகுநேரம் ஆயிற்று. எண்ணெய் தடவி, மூன்று காலாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். முகத்துக்கு நேரே சொல்ல அவளால் ஆகாது, அது உதட்டைப் படித்துவிடும்.

"நாந்தாண்டி கண்ணு. மஞ்சத்தான் ஊத்துனேன். உங்காத நாந்தாண்டி கெடுத்தேன்."

அவள் உரக்கத்தான் சொன்னாள். பிள்ளை திரும்பவில்லை.